மருந்துக்குப் பழகியது பெரியம்மாவின் உடம்பா, கிருமியா?

போன மாதம் ஒரு ராத்திரி சித்தி மகள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். பெரியம்மாவுக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன் ஆகி ஒன்பது நாள். தையல் போட்ட இடம் சிவந்து சீழ் வைத்திருந்தது. அதைப் பஞ்சுக்குச்சியில் தொட்டெடுத்து லேபுக்கு அனுப்பியிருந்தார்கள். வந்த ரிப்போர்ட்டைப் போனிலேயே எழுத்துக்கூட்டிப் படித்தாள்: எம்ஆர்எஸ்ஏ. பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத ஒரு கிருமியின் பேர் அது.

"அண்ணா, பெரியம்மா இத்தனை வருஷமா சளிக்கும் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டதால அவங்க உடம்பு மருந்துக்குப் பழகிடுச்சாம். இனிமே எந்த மருந்தும் கேட்காதாம். பக்கத்து பெட்டுல சொல்றாங்க. அப்படியா?"

நான் மைக்ரோபயாலஜி லேபில் வேலை பார்க்கிறவன். சீழிலும் ரத்தத்திலும் இருக்கிற கிருமியைத் தட்டில் வளர்த்து, அது எந்த மருந்துக்குச் சாகிறது, எதற்கு அசையாமல் இருக்கிறது என்று எழுதித் தருவதுதான் தினப்படி வேலை. இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர், ஏன், படித்த வாத்தியார்கள்கூட இதையேதான் கேட்கிறார்கள். உடம்பு பழகிவிட்டது என்பது தப்பு. எந்த மருந்தும் கேட்காது என்பதும் தப்பு. இவை இரண்டையும்விடப் பெரிய தப்பு ஒன்று அந்தப் பேச்சுக்குள் ஒளிந்திருக்கிறது. பெரியம்மா முன்னே போட்ட மாத்திரையால்தான் இது வந்தது என்கிற எண்ணம் அது. வார்டில் இன்னொருவரிடம் இருந்த கிருமி இவரிடம் வந்து சேர்ந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

அன்று போனில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

மூக்கில் குடியிருக்கும் திராட்சைக் கொத்து

1880 வாக்கில் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்தில் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் என்று ஒரு அறுவை மருத்துவர் இருந்தார். கட்டிகளைக் கீறி எடுத்த சீழை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். குட்டிக் குட்டி உருண்டைகள், திராட்சைக் கொத்து மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றன. கிரேக்க மொழியில் திராட்சைக் கொத்துக்கு ஸ்டாஃபிலே என்று பேர். அதை வைத்து அந்தக் கிருமிக்கு ஸ்டாஃபிலோகாக்கஸ் என்று பேர் வந்தது. சுருக்கமாக ஸ்டாஃப். இதில் பல வகை உண்டு. நம்மைப் படுத்துகிற முக்கியமான வகை, தட்டில் வளர்த்தால் பொன் மஞ்சளாக வளரும். 1884-இல் ரோசன்பாக் என்ற ஜெர்மானியர் அதற்கு ஆரியஸ், அதாவது பொன்னிறத்தது என்று பேர் வைத்தார். இந்தக் கட்டுரையில் ஸ்டாஃப் என்றால் இந்தப் பொன்னிறக்காரனைத்தான் சொல்கிறேன்.

இது பாக்டீரியா. அதாவது ஒரே ஒரு செல்லால் ஆன உயிர். வைரஸ் இல்லை. சளிக் காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருவது, அதற்கு ஆன்டிபயாடிக் எந்த வேலையும் செய்யாது. பாக்டீரியாவைக் கொல்லும் அல்லது பெருகவிடாமல் நிறுத்தும் மருந்துக்குத்தான் ஆன்டிபயாடிக் என்று பேர்.

கேட்டால் கொஞ்சம் திகைப்பாக இருக்கும்: பத்துப் பேரில் ஏறக்குறைய மூன்று பேருக்கு மூக்குத் துவாரத்தின் முன்பகுதியில் ஸ்டாஃப் சும்மா குடியிருக்கிறது. வாடகையும் தருவதில்லை, வம்பும் செய்வதில்லை. தோல் என்கிற சுவர் முழுசாக இருக்கும்வரை அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. சுவரில் ஓட்டை விழுந்தால்தான் ஆபத்து. சின்ன ஓட்டையில் போனால் கொப்புளம், கட்டி. ஆழமாகப் போனால் எலும்பு, நுரையீரல், ரத்தம், இதய வால்வு.

ஆஸ்பத்திரியில் நாம் என்ன செய்கிறோம்? வேண்டுமென்றே ஓட்டை போடுகிறோம். ஆபரேஷன் கீறல், கையில் டிரிப்ஸ் ஊசி, யூரின் டியூப், கழுத்து வழியாக இதயத்தை ஒட்டிப் போகும் குழாய். எல்லாமே உயிர்காக்கும் ஓட்டைகள்தான். கிருமிக்கும் அவை வாசல்தான்.

சல்லடை தவிட்டை உண்டாக்குவதில்லை

சரி, மருந்து வேலை செய்யாமல் போவது எப்படி? மாவு சலிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சலித்து முடித்தால் சல்லடையில் தவிடு நிற்கிறது. அந்தத் தவிட்டைச் சல்லடை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே மாவோடு கலந்து கிடந்தது. மாவு போய்விட்டது, தவிடு மட்டும் மிஞ்சியிருக்கிறது, அதனால் கண்ணுக்குத் தெரிகிறது. அவ்வளவுதான்.

ஆன்டிபயாடிக்கும் அப்படி ஒரு சல்லடை. நல்ல சத்தும் சூடும் கிடைத்தால் ஸ்டாஃப் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, பத்து மணி நேரத்தில் பத்து லட்சத்தைத் தாண்டும். ஒவ்வொரு முறை பிரியும்போதும் தன் உடலைக் கட்டுவதற்கான குறிப்புகளைப் படியெடுக்கிறது. அந்தக் குறிப்பு ஒவ்வொன்றுக்கும் ஜீன் என்று பேர். கையால் பத்து லட்சம் முறை படியெடுத்தால் எழுத்துப்பிழை வராமல் இருக்குமா? வரும். பெரும்பாலான பிழைகள் எதற்கும் உதவாதவை, சில பிழைகளால் அந்தக் கிருமியே செத்துப்போகும். எப்போதாவது ஒரு பிழை, ஒரு மருந்திலிருந்து தப்பிக்க உதவுகிறதாக அமைந்துவிடும். மருந்து இல்லாதவரை அந்தக் கிருமி கூட்டத்தில் ஒன்று. மருந்து வந்தால் மற்றதெல்லாம் போய் அது மட்டும் நிற்கும். இந்தத் தப்பிக்கும் வசதிக்குத்தான் எதிர்ப்புத் திறன் என்று பேர்.

சல்லடை உவமை இந்த இடம்வரைதான் வரும். தவிடு குட்டி போடாது, கிருமி போடும். மிஞ்சிய ஒன்று மறுநாள் காலைக்குள் காலியான இடத்தையெல்லாம் நிரப்பிவிடும். போதாக்குறைக்குப் பாக்டீரியாக்களுக்குள் கைமாற்று உண்டு. ஒரு வகை தன் ஜீனை இன்னொரு வகைக்குக் கொடுக்க முடியும். சொந்தமாகப் பிழை வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை, பக்கத்துக்காரனிடம் வாங்கிக்கொண்டால் போதும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மாத்திரை விழுங்கினால் மருந்து தொண்டைக்கு மட்டும் போவதில்லை. ரத்தத்தில் கலந்து தோலுக்கும் போகிறது, குடலுக்கும் போகிறது. அங்கெல்லாம் சும்மா குடியிருக்கிற கிருமிகளும் சலிக்கப்படுகின்றன. தேவையில்லாத மாத்திரையால் வரும் கெடுதல் இதுதான். உடம்பு பழகுவது அல்ல, உடம்பில் குடியிருப்பவர்களின் ஜாதகம் மாறிப்போவது.

சுருக்கமாக: எதிர்ப்புத் திறன் கிருமியுடையது, நோயாளியுடையது அல்ல. அதை மருந்து உண்டாக்குவதில்லை, தேர்ந்தெடுத்துப் பெருக விடுகிறது. ஒரு துளி மாத்திரைகூடச் சாப்பிடாத பச்சைக்குழந்தைக்கும் எதிர்ப்புத் திறன் உள்ள கிருமி தொற்றலாம்.

கொத்தனாரும் போலிச் செங்கல்லும்

இப்போது கொஞ்சம் உள்ளே போவோம். ஸ்டாஃபைச் சுற்றி ஒரு கெட்டியான சுவர் இருக்கிறது. உள்ளே அழுத்தம் அதிகம், அளவுக்கு மீறிக் காற்றடைத்த சைக்கிள் டியூப் மாதிரி. சுவர் பலவீனமானால் வெடித்துவிடும். அதனால் கிருமி வளர வளரச் சுவரையும் கட்டிக்கொண்டே போக வேண்டும். இந்த வேலைக்கென்று அதனிடம் சில புரதங்கள் உண்டு. அவற்றைக் கொத்தனார் என்று வைத்துக்கொள்வோம். செங்கல்லை எடுத்து அடுத்த செங்கல்லோடு பிணைப்பது அவர் வேலை.

பென்சிலின் பார்ப்பதற்கு அந்தச் செங்கல்லின் நுனி மாதிரியே இருக்கும் ஒரு போலி. கொத்தனார் ஏமாந்து கையில் எடுப்பார், அது கையோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு வேறு கல்லை எடுக்க முடியாது. சுவர் பாதியில் நிற்கும், கிருமி வெடிக்கும். நம் உடம்பின் செல்களுக்கு இந்த மாதிரிச் சுவரே கிடையாது. அதனால்தான் பென்சிலின், அலர்ஜி உள்ளவர்களை விட்டுவிட்டால், நமக்கு இவ்வளவு சாதுவான மருந்து.

1928-இல் லண்டன் செயின்ட் மேரீஸ் ஆஸ்பத்திரியில் அலெக்சாண்டர் ஃப்ளெமிங் பார்த்த அந்தப் பேர்போன தட்டில் வளர்ந்துகொண்டிருந்ததே ஸ்டாஃப்தான். பூஞ்சை விழுந்த இடத்தைச் சுற்றி அது கரைந்து போயிருந்தது. அந்தப் பூஞ்சை சுரந்த பொருள்தான் பென்சிலின். 1941 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரருக்குப் பென்சிலின் கொடுத்தார்கள். ஸ்டாஃபும் கூட இன்னொரு கிருமியும் முகமெல்லாம் பரவிக் கிடந்த மனுஷன் சில நாளில் எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டார். மருந்து தீர்ந்துவிட்டது. அவருடைய சிறுநீரிலிருந்தே பென்சிலினைப் பிரித்தெடுத்துத் திரும்பக் கொடுத்துப் பார்த்தார்கள். போதவில்லை. மார்ச்சில் இறந்துபோனார்.

அடுத்த வருஷமே, 1942-இல், பென்சிலினுக்குச் சாகாத ஸ்டாஃப் பற்றி எழுத ஆரம்பித்துவிட்டார்கள். அதன் வித்தை எளிது: ஒரு கத்தரிக்கோல். பென்சிலினின் உயிர்நாடியான வளையத்தை வெட்டிப்போடும் ஒரு நொதி. போலிச் செங்கல் கொத்தனார் கைக்கு வருவதற்கு முன்பே உடைந்துவிடும்.

லண்டன் ஹேமர்ஸ்மித் ஆஸ்பத்திரியில் மேரி பார்பர் என்ற மருத்துவர் வருஷாவருஷம் எண்ணிக்கொண்டே வந்தார். அங்கே கிடைத்த ஸ்டாஃபில் பென்சிலினுக்கு அடங்காதது 1946-இல் 14 சதவீதம். 1947-இல் 38. 1948-இல் 59. இரண்டே வருஷத்தில் இவ்வளவு ஏற்றமா என்றால், ஒவ்வொரு நோயாளி உடம்பிலும் தனித்தனியாக ஒரு கிருமி புதிதாக வித்தை கற்றதால் வந்ததல்ல அது. ஏற்கெனவே கத்தரிக்கோல் வைத்திருந்த வகை, பென்சிலின் புழங்கும் வார்டில் போட்டியில்லாமல் பெருகி, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவிக்கொண்டிருந்தது. இந்த இடத்தை மனதில் வையுங்கள், கடைசிவரை இது வேண்டும்.

கத்தரிக்கு மாட்டாத மருந்தும், வேலைக்கு வந்த புதுக் கொத்தனாரும்

1959-இல் மெத்திசிலின் வந்தது. அதுவும் பென்சிலின் குடும்பம்தான், ஆனால் பக்கவாட்டில் பருமனான ஒரு பகுதி சேர்த்திருந்தார்கள். கத்தரிக்கோலின் வாய்க்குள் நுழையாது. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தார்கள்.

வடக்கு லண்டன் காலிண்டேலில் இருந்த பரிசோதனைக்கூடத்துக்கு இங்கிலாந்து முழுவதிலுமிருந்து ஸ்டாஃப் மாதிரிகள் வரும். பட்ரீஷியா ஜெவன்ஸ் என்பவர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்ததில் மூன்று மட்டும் மெத்திசிலினுக்கு அடங்கவில்லை. மூன்றும் ஒரே ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவை. 1961-இல் அதைக் குட்டிக் கடிதமாக மருத்துவ இதழில் வெளியிட்டார். மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்பதன் ஆங்கில முதலெழுத்துகள்தான் பெரியம்மா ரிப்போர்ட்டில் இருந்த எம்ஆர்எஸ்ஏ.

இந்த வகையின் வித்தை வேறு. மருந்தை வெட்டுவதில்லை, ஆளையே மாற்றிவிட்டது. மெக்-ஏ என்ற ஒரு ஜீனை வாங்கி வைத்திருக்கிறது. அந்த ஜீன் புதிதாக ஒரு கொத்தனாரை உண்டாக்குகிறது. இவரும் சுவர் கட்டுவார், ஆனால் போலிச் செங்கல் இவர் கையில் ஒட்டாது. பழைய கொத்தனார்கள் எல்லாரும் மருந்தில் சிக்கிக்கொண்டாலும் இவர் வேலையை முடித்துவிடுவார். அதனால் மெத்திசிலின் மட்டுமல்ல, இதே முறையில் வேலை செய்யும் அமாக்சிசிலின், செஃப்ட்ரியாக்சோன், விலை உயர்ந்த மெரோபெனம் எல்லாமே வீண். இதற்கென்றே செய்த ஒன்றிரண்டு புது மருந்துகள்தான் விதிவிலக்கு.

சொல்லப்போனால் மெத்திசிலினை இன்று யாரும் நோயாளிக்குக் கொடுப்பதில்லை, லேபில்கூட அதற்குப் பதிலாக வேறு மருந்தை வைத்துத்தான் சோதிக்கிறோம். பேர் மட்டும் தங்கிவிட்டது. பஸ்ஸே வராத இடத்துக்குப் 'பழைய பஸ் ஸ்டாண்ட்' என்று பேர் நிற்கவில்லையா, அது மாதிரி.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த கதை ஒன்று உண்டு. 2017-இல் அந்தக் காலத்து மாதிரிகளின் ஜீன்களை வரிசையாகப் படித்துக் கணக்குப் போட்டதில், மெக்-ஏ இந்த ஸ்டாஃபுக்குள் வந்தது 1940-களின் நடுவிலேயே என்று தெரிந்தது. மெத்திசிலின் பிறப்பதற்குப் பத்துப் பதினைந்து வருஷம் முன்னால்! பென்சிலின் புழக்கமே அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. 2022-இல் வந்த ஆய்வு இன்னும் பின்னால் போனது. ஐரோப்பிய முள்ளெலியின் தோலில் ஒரு பூஞ்சை வாழ்கிறது. அது பென்சிலின் மாதிரியான பொருளைத் தானே சுரக்கிறது. அதே தோலில் வாழும் ஸ்டாஃபுக்கு, மெக்-ஏவின் உறவுக்கார ஜீன் ஒன்று 1800-களின் தொடக்கத்திலிருந்தே இருந்து வந்திருக்கிறது. மனிதன் சல்லடையைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே முள்ளெலி முதுகில் சலிப்பு நடந்துகொண்டிருந்தது.

இதுவரை வந்தது இரண்டு வித்தைகள்: கத்தரிக்கோல், புதுக் கொத்தனார். இரண்டாவதுதான் எம்ஆர்எஸ்ஏ. இந்த ஜீன் புதிதாக ஒரு ஸ்டாஃபுக்குள் போய்ச் சேர்வது அபூர்வமான சம்பவம். போய்ச் சேர்ந்த கிருமி ஊரெல்லாம் பரவுவதுதான் அன்றாடம் நடப்பது.

ஐந்தாம் பெட்டுக்கு எப்படி வந்தது?

ஒரு வார்டில் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து கைகளை மட்டும் பாருங்கள். நாலாம் பெட்காரருக்குப் புண் கட்டை மாற்றுகிறார் சிஸ்டர். கையுறை போட்டிருக்கிறார், நல்லது. அதே கையுறையோடு மெஷின் கத்துகிறதே என்று பட்டனை அழுத்துகிறார். பெட்டின் பக்கக் கம்பியை ஏற்றிவிடுகிறார். டவுன் பஸ் மாதிரி கூப்பிட்ட இடத்திலெல்லாம் நிற்க வேண்டிய வேலை. ஐந்தாம் பெட்டில் டிரிப்ஸ் நின்றுவிட்டது, அந்த அம்மாவின் மகன் கூப்பிடுகிறார். ஓடிப்போய் ஊசி இருக்கும் இடத்தை விரலால் அமுக்கிப் பார்க்கிறார். முடிந்தது. நாலாம் பெட்டின் ஸ்டாஃப் ஐந்தாம் பெட்டின் வாசலுக்கு வந்துவிட்டது. கையுறை சிஸ்டரின் கையைக் காப்பாற்றியது, நோயாளியைக் காப்பாற்றவில்லை.

அவரைக் குறை சொல்லி என்ன பயன்? முப்பது பேருக்கு ஒரு சிஸ்டர் என்று வைத்துவிட்டு, ஒவ்வொரு தொடுதலுக்கும் நடுவே வார்டு கோடியில் இருக்கும் குழாய்க்கு நடந்துபோய்க் கை கழுவு என்றால் நடக்காது. டாக்டர் ரவுண்ட்ஸில் ஸ்டெதஸ்கோப் ஒவ்வொரு நெஞ்சாகத் தொட்டுக்கொண்டே போகிறது. நலம் விசாரிக்க வந்த நாமும் பெரியம்மா கையைப் பிடித்துவிட்டு, பக்கத்து பெட் தாத்தாவின் தலையணையைச் சரி செய்து புண்ணியம் தேடுகிறோம். ஸ்டாஃப் ரொம்பப் பொறுமைசாலி. காய்ந்த துணியிலும் கம்பியிலும் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கை வந்தால் ஏறிக்கொள்ளும். காற்றில் பறந்து வருவதைவிடக் கையில் ஏறி வருவதே மிக அதிகம்.

கை என்று எப்படி உறுதியாகச் சொல்கிறேன்? ஜெனீவாப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் திதியே பித்தே என்ற மருத்துவரின் குழு, பெட்டுக்குப் பெட்டு சாராயம் கலந்த கைத்திரவத்தை வைத்தது. குழாய்க்கு நடக்க வேண்டாம், நின்ற இடத்திலேயே இருபது, முப்பது விநாடி தேய்த்தால் போதும். 1994-இல் கை சுத்தம் செய்ய வேண்டிய தருணங்களில் 48 சதவீதத்தில்தான் செய்துகொண்டிருந்தார்கள், 1997-இல் அது 66 சதவீதம் ஆனது. அதே காலத்தில் அங்கே எம்ஆர்எஸ்ஏ ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவது பாதிக்கும் கீழே இறங்கியது. புது மருந்து ஒன்றும் வரவில்லை.

இங்கிலாந்தின் கதை இன்னும் பெரியது. 1990-களில் இரண்டு குறிப்பிட்ட எம்ஆர்எஸ்ஏ குடும்பங்கள் அங்கே ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் பரவின. ஒரு தாய்க் கிருமியிலிருந்து வழிவழியாக வந்த ஒரே அச்சுப் பரம்பரையைத்தான் குடும்பம் என்கிறேன். அவற்றுக்கு 15, 16 என்று எண்ணே கொடுத்திருந்தார்கள். நோயாளி ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்படும்போது கிருமியும் கூடவே மாறுதலாகிப் போனது. 2001-இல் அரசு ஆஸ்பத்திரிகள் எல்லாம் ரத்தத்தில் எம்ஆர்எஸ்ஏ கண்ட கணக்கைக் கட்டாயம் தர வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். 2003–04-இல் அது 7,700. நாடே கொந்தளித்தது, தேர்தல் மேடையில்கூட எம்ஆர்எஸ்ஏ பேசினார்கள். பாதியாகக் குறைக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். பெட்டுக்குப் பெட்டு கைத்திரவம், முழங்கைக்குக் கீழே வாட்ச் வளையல் கூடாது, டிரிப்ஸ் ஊசியைத் தேவைக்கு மேல் ஒரு நாள்கூட விட்டுவைக்கக் கூடாது, அட்மிட் ஆகும்போதே மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டுச் சோதிப்பது, இருப்பவரைத் தனி அறையில் வைப்பது. பத்து வருஷத்துக்குள் வருஷத்துக்கு ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. எதனால் எவ்வளவு குறைந்தது என்று பங்கு பிரிக்க முடியாது, எல்லாம் ஒன்றாக நடந்தன. ஆனால் ஒன்று நிச்சயம். ஒவ்வொரு நோயாளியின் உடம்பும் 'பழகிப்போவதுதான்' காரணமாக இருந்திருந்தால், கையைக் கழுவியதில் ஒன்றுமே மாறியிருக்காது.

நெதர்லாந்துக்காரர்கள் முதலிலிருந்தே கறார். வெளிநாட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வரும் நோயாளியை, எம்ஆர்எஸ்ஏ இல்லை என்று தெரியும்வரை தனி அறையில்தான் வைப்பார்கள். அங்கே இன்றுவரை எண்ணிக்கை மிகக் குறைவு.

ஆக, இரண்டு தனித்தனி விஷயங்கள். மருந்தை அள்ளி வீசுவது எதிர்ப்புள்ள கிருமிக்கு இடம் காலி செய்கிறது. அழுக்குக் கை அதை ஊர்வலம் விடுகிறது. நம் ஊரில் முதலாவதைப் பற்றிப் பேசிப் பேசியே இரண்டாவதை மறந்துவிடுகிறோம் என்பது என் ஆதங்கம்.

ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது?

லேபில் நடப்பது இதுதான். நோயாளியின் கிருமியை ஒரு தட்டு முழுக்க மெல்லிசாகப் பூசுவோம், வாசல் தெளித்த மாதிரி இடைவெளி விடாமல். அதன்மேல் பொட்டு அளவு காகித வில்லைகளை வைப்போம். ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து. எம்ஆர்எஸ்ஏவா என்று பார்க்க வைக்கும் வில்லையில் செஃபாக்சிடின் 30 மைக்ரோகிராம் இருக்கும். ராத்திரி முழுக்க 35 டிகிரி சூட்டில் இருக்கும். காலையில் எடுத்தால், மருந்து வேலை செய்த இடத்தில் வில்லையைச் சுற்றிக் கிருமி இல்லாத வட்டம் தெரியும். ஸ்கேல் வைத்து அளப்போம். 22 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் சாதாரண ஸ்டாஃப், 21-ம் அதற்குக் கீழும் எம்ஆர்எஸ்ஏ. சில தட்டுகளில் வில்லையை முட்டிக்கொண்டே வளர்ந்திருக்கும், வட்டமே இருக்காது. ரிப்போர்ட்டில் மருந்துப் பேருக்கு எதிரே எஸ் என்று இருந்தால் அந்த மருந்து கேட்கும், ஆர் என்றால் கேட்காது.

பெரியம்மா ரிப்போர்ட்டில் ஆர் நிறைய இருந்தது. ஆனால் வான்கோமைசின், லினசோலிட் இரண்டுக்கும் நேரே எஸ். 'எந்த மருந்தும் கேட்காது' என்றது அங்கேயே பொய்யாகிவிட்டது.

வான்கோமைசின் 1950-களில் போர்னியோக் காட்டு மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்தது. இது கொத்தனாரைத் தொடுவதில்லை, நேராக அசல் செங்கல்லின் நுனியையே மூடிவிடுகிறது. எந்தக் கொத்தனார் வந்தாலும் பிணைக்க முடியாது. மாத்திரையாக விழுங்கினால் குடலைத் தாண்டாது, நரம்பில் டிரிப்ஸாகத்தான் ஏற்ற வேண்டும், கிட்னியைக் கவனித்துக்கொண்டே கொடுக்க வேண்டும். இதையும் 2002-இல் அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்தில் ஒரு நோயாளியின் ஸ்டாஃப் மீறிவிட்டது, வேறொரு பாக்டீரியாவிடமிருந்து கைமாற்றாக வாங்கிய ஜீனை வைத்து. நல்லவேளை, அந்த வகை இன்றுவரை அபூர்வமாகவே இருக்கிறது.

இங்கே இன்னொரு தப்பான பேச்சையும் சொல்ல வேண்டும். "பவர் கூடின ஆன்டிபயாடிக் போடுங்க டாக்டர்." மருந்துக்கு மாடிப்படி மாதிரி ஒரே வரிசை கிடையாது. சாதாரண ஸ்டாஃபுக்கு வான்கோமைசினைவிடப் பழைய, மலிவான கிளாக்சாசிலின், செஃபசோலின்தான் நன்றாக வேலை செய்யும். பூட்டுக்கு ஏற்ற சாவி வேண்டும், பெரிய சாவி அல்ல. பூட்டு எது என்று சொல்லத்தான் லேப்.

அப்புறம், மூக்கில் சோதித்து எம்ஆர்எஸ்ஏ என்று வந்தால் பதற வேண்டாம். அது குடியிருப்பு, நோய் அல்ல. அதற்காக நரம்பில் மருந்து ஏற்ற மாட்டார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் என்றால் மூக்குக்கு ஒரு களிம்பும் குளிக்க ஒரு கிருமிநாசினித் திரவமும் கொடுத்துக் குறைக்கப் பார்ப்பார்கள். எம்ஆர்எஸ்ஏ சாதாரண ஸ்டாஃபைவிட வெறிபிடித்ததும் அல்ல. அது செய்கிற வேலையெல்லாம் இதுவும் செய்யும். வித்தியாசம், சரியான மருந்து தொடங்கத் தாமதமாகிவிடுவதும், மருந்துப் பெட்டியில் மிச்சமிருப்பவை கொஞ்சமாக இருப்பதும். அந்தத் தாமதத்தின் விலை குறைவல்ல: 2019-இல் மட்டும் உலகத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சாவுகளை இந்த ஒரு கிருமியின் எதிர்ப்புத் திறன் கணக்கில் எழுதியிருக்கிறார்கள்.

நம் நாட்டுக் கணக்கு

2008, 2009 ஆண்டுகளில் இந்தியாவின் 15 பெரிய ஆஸ்பத்திரிகள் சேர்ந்து 26,310 ஸ்டாஃப் மாதிரிகளைப் பார்த்தன. முதல் வருஷம் 42 சதவீதமும் அடுத்த வருஷம் 40 சதவீதமும் எம்ஆர்எஸ்ஏ. நூறு இந்தியரில் நாற்பது பேருக்கு இது இருக்கிறது என்று இதைச் சிலர் வாட்ஸ்அப்பில் திரித்துவிடுவார்கள். அப்படியல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து, சோதனைக்கு அனுப்பும் அளவுக்குச் சிக்கலானவர்களிடம் கிடைத்த ஸ்டாஃபில் இவ்வளவு. 2012 ஆகஸ்டில் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, எதிர்ப்புத் திறனைத் தடுக்க நாடு என்ன செய்ய வேண்டும் என்று ஒரு திட்டம் எழுதின. சென்னைப் பிரகடனம் என்று அதற்குப் பேர். 2014 மார்ச்சிலிருந்து குறிப்பிட்ட மருந்துகளை விற்கும்போது சீட்டு எழுதிய டாக்டர், வாங்கியவர் விவரங்களைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று விதி இருக்கிறது. நம் தெரு மருந்துக்கடையில் அந்த நோட்டுப் புத்தகத்தைக் கேட்டுப் பாருங்கள்.

இது ஆஸ்பத்திரியோடு நிற்கிற விஷயமும் அல்ல. 1990-களின் கடைசியில் அமெரிக்காவில், ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத குழந்தைகளுக்கு எம்ஆர்எஸ்ஏ வந்து நாலு பேர் இறந்த செய்தி 1999-இல் வெளியானது. அவை வேறு குடும்பங்கள். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் என்ன செய்வது?

சித்தி மகளின் அடுத்த கேள்வி இதுதான். தட்டு, டம்ளர் தனியா வைக்கணுமா? பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் விடலாமா?

தட்டு, டம்ளரைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும், தனியே ஒதுக்க வேண்டியதில்லை. பேரப்பிள்ளைகள் மடியில் உட்காரலாம், புண் மூடியிருக்க வேண்டும், உட்காருவதற்கு முன்னும் எழுந்த பின்னும் கை கழுவ வேண்டும். துண்டும் ரேசரும் அவரவருக்குத் தனி. புண் கட்டு மாற்றுகிறவர் அதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், கழற்றிய கட்டைக் கட்டிப்போட வேண்டும். வேறு ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் 'எம்ஆர்எஸ்ஏ இருந்தது' என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும், மறைக்கக் கூடாது. வான்கோமைசின் எத்தனை நாள் என்று டாக்டர் சொல்கிறாரோ அத்தனை நாள், நாமாக நிறுத்துவதும் இல்லை, நீட்டுவதும் இல்லை.

"சரி அண்ணா, இப்ப ராத்திரி நான் என்ன செய்யணும்?"

"பெட்டின் கால்மாட்டில் ஒரு பாட்டில் மாட்டியிருக்கும், கைக்குத் தடவுவது. பாரு."

செருப்புச் சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

"இருக்கு. அமுக்கினா ஒண்ணும் வரல. காலி."

"பக்கத்து பெட்டில்?"

"அதுவும்."

"சிஸ்டர்கிட்ட போய்ச் சொல்லு. சண்டை போடாதே. பாட்டில் காலியா இருக்கு சிஸ்டர், ரெண்டு குடுங்கன்னு கேளு. ஒண்ணு பக்கத்து பெட்டுக்குன்னு சொல்லு."